அரசாங்க வேலை நமக்குக் கிடைக்காதா?

“கவர்மெண்டு வேலையா? அதெல்லாம் நமக்குக் கொடுக்க மாட்டாங்க தம்பி. வேற வேலையைப் பாரு.”

எஸ்பிஎம் தேர்வு முடிவு வரும் வாரத்தில் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பல இந்தியக் குடும்பங்களில் கேட்கிற பேச்சு இது. சொல்பவர் பெரும்பாலும் அப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. தாம் பட்டதையும் பிறர் பட்டதாகக் கேட்டதையும் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் பிள்ளையின் விண்ணப்பத்தையே நிறுத்திவிடுகிறது. விண்ணப்பமே போகாத இடத்தில் நேர்முகத் தேர்வுக்கு யார் அழைப்பார்கள்? பிறகு அரசாங்க ஊழியர்களில் இந்தியர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று பத்திரிகையில் செய்தி வரும்போது, “பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல” என்று அதே மாமா சொல்வார்.

இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பழக்கம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் உள்ளது என்ன?

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது விதி, அச்சட்டமே வெளிப்படையாக அனுமதித்த இடங்களைத் தவிர, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு அரசாங்கப் பதவி நியமனத்தில் குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2001இல் அந்தப் பட்டியலில் பாலினமும் சேர்ந்தது.

அனுமதித்த இடம் எது என்றால், எல்லாருக்கும் தெரிந்த 153ஆவது விதி. மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் கூட்டரசுப் பொதுச் சேவையில் நியாயமான அளவு இடம் ஒதுக்க மாமன்னருக்கு அது வகை செய்கிறது. இது சுதந்திரத்தோடு புதிதாக வந்ததல்ல. அன்றைய மலாயன் சிவில் சர்வீஸில் நான்கு மலாய்க்காரருக்கு ஒரு பிற இனத்தவர் என்ற விகிதம் சுதந்திரத்துக்கு முன்பே இருந்தது. அந்தச் சேவைதான் இன்று பிடிடி என்று அழைக்கப்படும் நிர்வாக, அரசதந்திர அதிகாரிகள் சேவை. ஒதுக்கீடு அப்போது முக்கியமான சில சேவைகளுக்குத்தான் இருந்தது. எல்லாத் துறைகளுக்கும் இல்லை.

பேச்சு வழக்கமாக 153உடன் நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் 136ஆவது விதி ஒன்று இருப்பதை மேடையில் பேசுபவர்கள்கூட எடுப்பதில்லை. கூட்டரசுப் பணியில் ஒரே நிலையில் உள்ளவர்கள் எந்த இனத்தவராக இருந்தாலும், வேலை நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்பது அந்த விதி. 153ஆவது விதி 136ஐக் குறைக்காது என்று 153இன் ஐந்தாவது உட்பிரிவே கூறுகிறது. ஆக, ஒதுக்கீடு என்பது நுழைவாயிலில் உள்ள விஷயம். உள்ளே சென்றவருக்குச் சமமான நடத்தை உரிமை. பதவி உயர்வில் மனக்குறை உள்ள இந்திய ஊழியர்கள் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறார்கள். அந்தக் குறையை எந்த விதியின் பெயரால் கேட்பது என்று அவர்களில் பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் வருத்தம்.

உண்மையாகவே மூடியிருக்கும் பதவிகளும் உண்டு. சிலாங்கூர் போன்ற சுல்தான் ஆட்சி மாநிலங்களில் மந்திரி பெசார் மலாய்க்காரராகவும் முஸ்லிமாகவும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இராணுவத்தில் அரச மலாய்ப் படையணி மலாய்க்காரர்களுக்கே உரியது. மற்ற இனத்தவர் ரேஞ்சர் படையணியிலும் ஏனைய பிரிவுகளிலும் சேரலாம். ஆனால் பிரதமர் பதவிக்கு இனத் தகுதி எதுவும் கூட்டரசுச் சட்டத்தில் எழுதப்படவில்லை. பதிவு வழியாகவோ விண்ணப்ப வழியாகவோ குடியுரிமை பெற்ற சிலர் பிரதமராக முடியாது என்ற தடை மட்டுமே இருக்கிறது. அரசியல் கணக்கு வேறு. அது நாடறிந்த கதை.

பிரிக்ஃபீல்ட்ஸ் எப்படி உருவானது?

“நமக்குக் கிடைக்காது” என்ற சொல் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறப்பதுதான் வேடிக்கை. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்த இடம் அரசாங்க வேலையால் வளர்ந்த ஊர். இரயில்வேயின் பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் அங்கே வந்தன. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து வந்த இலங்கைத் தமிழர்கள் குமாஸ்தாவாகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் அமர்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள், சாலை வெட்டினார்கள். ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று ஊரார் சொன்ன அந்த இரட்டை வரிசை வீடுகள் இன்று இல்லை. அங்கே பிறந்து படித்து டாக்டராகவும் வழக்கறிஞராகவும் ஆனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2010இல் ‘லிட்டில் இந்தியா’ என்று தோரணம் கட்டித் திறந்து வைக்கப்பட்ட பகுதிக்கு அடியில் கிடப்பது அந்த இரயில்வே சம்பளம்தான்.

கிள்ளானின் கதையும் இதே சாயல். 1901இல் திறக்கப்பட்ட துறைமுகம், அதற்குச் செல்லும் இரயில் பாதை, பொதுப்பணித் துறை, மருத்துவமனை, நகரத் துப்புரவு என்று அரசாங்கச் சம்பளம் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டியவர்கள்கூட, பிள்ளை ஒருவன் ஜேகேஆரில் சேர்ந்துவிட்டால் குடும்பம் கரையேறிவிட்டது என்று நினைத்த காலம் அது.

அன்றைய கணக்கு அதைத்தான் காட்டுகிறது. 1971இல் பொதுச் சேவை ஊழியர்களில் இந்தியர் ஏறக்குறைய 17 விழுக்காடு. அப்போதைய மக்கள் தொகை விகிதத்தைவிட இது அதிகம். 2005இல் அது ஏறக்குறைய 5 விழுக்காடாக இறங்கியது. அதற்குப் பின் 4 விழுக்காட்டை ஒட்டியே பேசப்பட்டு வந்தது. 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. 2017இல் அரசாங்கம் வெளியிட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம், பொதுச் சேவையில் 7 விழுக்காடு என்று இலக்கு வைத்ததற்குக் காரணம் இதுதான்.

17 எப்படி 4 ஆனது?

புதிய பொருளாதாரக் கொள்கை என்று உடனே பதில் வரும். அது பெரிய காரணம், ஐயமில்லை. 1971க்குப் பிறகு பொதுச் சேவை பெருகியபோது புதிய இடங்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்களால் நிரப்பப்பட்டன. ஆனால் அதோடு கூட வந்த இன்னொரு காரணத்தை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை: தனியார்மயம்.

இந்தியர்கள் எந்தத் துறைகளில் கூடியிருந்தார்களோ, அந்தத் துறைகள்தாம் ஒவ்வொன்றாக அரசாங்கப் பட்டியலிலிருந்து வெளியேறின. 1986இல் கிள்ளான் துறைமுகத்தின் கொள்கலன் முனையம். 1987இல் தொலைத்தொடர்புத் துறை. 1990இல் மின்சார வாரியம். 1992இல் இரயில்வே. 1990களின் பிற்பகுதியில் அரசாங்க மருத்துவமனைகளின் துப்புரவும் சலவையும், கோலாலம்பூரின் குப்பை அள்ளும் வேலையும் குத்தகை நிறுவனங்களுக்குப் போயின. வேலை அதே வேலை, செய்தவரும் பெரும்பாலும் அதே ஆள். ஆனால் அவர் இனி அரசாங்க ஊழியர் இல்லை. அவர் ஓய்வு பெற்றபோது அந்த இடம் அவருடைய பிள்ளைக்குத் தெரிந்த இடமாகவும் இல்லை; குறைந்த கூலிக்கு வெளிநாட்டுத் தொழிலாளி வந்து சேர்ந்தார்.

இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. 17 விழுக்காடு என்ற பெருமையான எண்ணுக்குள் தண்டவாளத் தொழிலாளியும் சாலைத் தொழிலாளியும் துப்புரவுப் பணியாளரும் அடங்கியிருந்தார்கள். மேல்நிலை அதிகாரிகள் குறைவு. அடித்தட்டு வேலைகள் கழன்றபோது எண் சரிந்தது. ஆகவே பழைய எண்ணை அப்படியே மீட்டுத் தா என்று கேட்பதில் பொருளில்லை. எந்த நிலையில் எத்தனை பேர் என்று கேட்பதுதான் இன்றைய கேள்வி.

ஒரு வாசலில் மட்டும் நின்றால்?

அரசாங்க வேலை என்றதும் எஸ்பிஏ எனப்படும் பொதுச் சேவை ஆணையத்தின் பெயர் மட்டுமே பலருக்கு நினைவு வருகிறது. அங்கே கணினியில் பதிந்துவிட்டு இரண்டு ஆண்டு காத்திருந்தோம், ஒன்றும் வரவில்லை என்பார்கள். சட்டப்படி ஆள் எடுக்கும் அமைப்பு ஒன்றல்ல, பல. ஆசிரியர்களுக்குக் கல்விச் சேவை ஆணையம் தனி. காவல் படைக்கு அதன் ஆணையம் தனி. நீதி, சட்டச் சேவைக்கு இன்னொரு ஆணையம். இராணுவம் தன் ஆள்சேர்ப்பைத் தானே நடத்துகிறது. சிலாங்கூர் மாநிலப் பணிகளுக்கு மாநிலத்தின் சொந்த ஆணையம் இருக்கிறது. ஊராட்சி மன்றங்கள், பொதுப் பல்கலைக்கழகங்கள், சட்டப்பூர்வ வாரியங்கள் ஆகியவை தங்களுக்கு வேண்டியவர்களுக்குத் தாங்களே விளம்பரம் செய்கின்றன. கிள்ளானில் உள்ள ஒருவர், 2024இல் அரச மாநகர் தகுதி பெற்ற தம் ஊரின் மன்றத்தில் காலியிடம் இருப்பதை அறியாமல் புத்ராஜெயாவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

எஸ்பிஏ பதிவுக்கே வருவோம். அது இலவசம். “ஆயிரம் வெள்ளி கொடுங்கள், உள்ளே ஆள் இருக்கிறார்” என்று சொல்பவர் ஏமாற்றுக்காரர். பதிவு என்றென்றும் செல்லுபடியாவதில்லை. காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும். புதிய சான்றிதழ் கிடைத்தால் உடனே சேர்க்க வேண்டும். அழைப்பு தபால்காரர் கையில் வருவதில்லை. மின்னஞ்சலிலும் இணையத்திலும் வரும். கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டு, மின்னஞ்சலின் மறைச்சொல்லையும் மறந்துவிட்டு, “என்னைக் கூப்பிடவே இல்லை” என்று சொல்லிப் பயனில்லை.

விண்ணப்பதாரர் மலேசியக் குடிமகனாகவும் 18 வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். எஸ்பிஎம் தகுதியில் எடுக்கும் பெரும்பாலான பதவிகளுக்கு மலாய் மொழியில் கிரெடிட் தேவை. இங்கேதான் பல இந்திய மாணவர்கள் விழுகிறார்கள். அறிவியலில் ‘ஏ’ வாங்கியவர் மலாய் மொழியில் வெறும் தேர்ச்சியோடு நின்றுவிடுகிறார். டியூஷனுக்குப் பணம் கட்டும் பெற்றோர் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கட்டுகிறார்கள். “மலாய்தானே, சமாளிச்சுக்குவான்” என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு பாடம் குமாஸ்தா முதல் தாதி வரை பல கதவுகளின் சாவி. 2013 முதல் எஸ்பிஎம் சான்றிதழுக்கே வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி கட்டாயம். மலாய் மொழியை மட்டும் தனியாக மறுபடி எழுத வழியிருக்கிறது. வேலைக்குப் போய்விட்ட 20 வயதுப் பிள்ளைக்குக்கூட அது தாமதமல்ல.

பட்டதாரிகளுக்குப் பிடிடி அதிகாரி பதவி பெரிய ஏணி. மாவட்ட அலுவலகம் முதல் வெளிநாட்டுத் தூதரகம் வரை அது கொண்டு செல்லும். எழுத்துத் தேர்வு உண்டு, குழு விவாதம் உண்டு, உடல் தகுதி, பேச்சாற்றல் எல்லாம் பார்ப்பார்கள். நேர்முகத் தேர்வில் நாட்டு நடப்பைக் கேட்பார்கள். 1970இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைத் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். ஏன் இந்தப் பணிக்கு வந்தீர்கள் என்ற கேள்விக்கு “சம்பளம் நிலையானது” என்பதைத் தாண்டி ஒரு பதில் வேண்டும். தமிழ்ப் பள்ளி மேடையில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகள் மலாய் மொழியில் மூன்று நிமிடம் தொடர்ந்து பேசப் பழகாமல் அந்த அறைக்குள் போவது உண்டு. பயிற்சி தந்தால் தீரும் குறை இது.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தாத்தா காலத்துப் பென்ஷன் ஆசை இனி வேண்டாம். 2024 பிப்ரவரி முதல் தேதிக்குப் பின் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஊழியர் சேமநிதிதான். அதே ஆண்டு டிசம்பரில் புதிய சம்பள முறை வந்து தொடக்கச் சம்பளம் உயர்ந்திருக்கிறது என்பது மறுபக்கம்.

கிள்ளானில் உண்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் இல்லை

சம்பள வேலை மட்டும் அரசாங்கப் பொறுப்பு ஆகிவிடாது. நியமனப் பதவிகள் பல உண்டு. இதில் கிள்ளான்காரருக்குக் கிடைக்கும் வாய்ப்பு பிரிக்ஃபீல்ட்ஸ்காரருக்குக் கிடையாது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டப்படி ஒரு மன்றத்தில் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர் வரை இருக்கலாம். பெரும்பாலோர் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சி அனுபவம் உள்ளவர், தொழிலிலோ வாணிபத்திலோ சிறந்து விளங்குபவர், தம் சமூகத்தின் நலனைப் பேசக்கூடியவர் என்று தகுதியையும் சட்டம் சொல்கிறது. தேர்தல் இல்லை, 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்பவே இல்லை. மாநில அரசு நியமிக்கிறது. நடைமுறையில் ஆளும் கட்சிகளின் பட்டியல் வழியேதான் பெயர் போகிறது. இருந்தாலும் கிள்ளானில் வடிகால் அடைப்பு, தெருவிளக்கு, கோயில் நிலம், அங்காடி உரிமம் என்று எதற்கும் மன்றத்துக்குள் எழுந்து பேச ஓர் இந்திய உறுப்பினர் இருக்க முடியும். சிலாங்கூர் அரசு இந்தியச் சமூகத் தலைவர்களையும் நியமிக்கிறது. அதற்கு மேல் சட்டமன்றம் இருக்கிறது, ஆட்சிக் குழு இருக்கிறது. 2022 பொதுத் தேர்தலில் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினரான வீ. கணபதிராவ் அதற்கு முன் அந்த ஆட்சிக் குழுவில் இருந்தவர்.

கோலாலம்பூரிலோ 1952இல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1960இல் வந்த தலைநகர்ச் சட்டம் அதை முடித்துவைத்தது. 1974இல் கூட்டரசுப் பிரதேசமானதும் சட்டமன்றப் பிரதிநிதியும் போனார். இன்று பிரிக்ஃபீல்ட்ஸ்வாசிக்கு மன்ற உறுப்பினரும் இல்லை, சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. நியமிக்கப்பட்ட டத்தோ பண்டாரும் ஆலோசனைக் குழுவும், ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும் மட்டுமே. நாட்டின் தலைநகரில் வாழ்பவருக்கு ஊர் நிர்வாகத்தில் பங்கு மிகக் குறைவு என்பது விநோதமான நிலைதான்.

மேலே போனால் மேலவை. அதன் 70 இடங்களில் 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுகிறவர்கள். 30 வயது நிறைந்திருக்க வேண்டும். மூன்று ஆண்டு, அதிகம் போனால் இரண்டு தவணை. சிறுபான்மை இனங்களின் பிரதிநிதிகளை நியமிக்கலாம் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. ஜி. வடிவேலு 1990களிலும் எஸ்.ஏ. விக்னேஸ்வரன் 2016 முதல் 2020 வரையிலும் அந்த அவையின் தலைவர்களாகவே அமர்ந்தார்கள். மக்களவைக்கு 18 வயதிலேயே போட்டியிடலாம். அந்த வயதுத் திருத்தம் 2019இல் நிறைவேறி 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இவற்றுக்கிடையே சிறிய பொறுப்புகளும் இருக்கின்றன. தலைமை நீதிபதி நியமிக்கும் சத்தியப் பிரமாண ஆணையர் வேலைக்கு வழக்கறிஞர் பட்டம் வேண்டியதில்லை. அனுபவம் மிக்க ஓய்வு பெற்ற அதிகாரிகள் அதைச் செய்கிறார்கள். கோயில் அலுவலகத்தில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் துணைத் திருமணப் பதிவாளரும் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டவரே. 1982 மார்ச்சில் அமலுக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம் அந்த வாய்ப்பைக் கோயில்களுக்குத் தந்தது. அவர் வெறும் கையெழுத்து வாங்குகிறவர் என்று நினைப்பவர்கள் அடுத்த பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

குடிமகன் என்ற முதல் தகுதி

மேலே சொன்ன எல்லாப் பொறுப்புகளுக்கும் அடிப்படையான தகுதி குடியுரிமை. சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர் இந்த நாட்டில் எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் நிரந்தரவாசிதான். நிரந்தர அரசாங்கப் பதவியும் வாக்குரிமையும் அவருக்குக் கிடையாது. சுதந்திரத்துக்கு முன் தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட தலைமுறையில் இப்படிப் பலர் சிக்கினார்கள். அவர்களுக்காக 2011இலும் 2017இலும் ‘மைடஃப்தார்’ என்ற பதிவு இயக்கம் நடந்தது.

பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இன்றும் நடப்பது இதுதான்: தந்தை மலேசியர், தாய் வெளிநாட்டவர். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, படமும் எடுத்தாயிற்று. பதிவு மட்டும் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப் போகிறது. குழந்தை பிறந்துவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தை திருமண உறவுக்கு வெளியே பிறந்தது. அதன் குடியுரிமை தந்தையை அல்ல, தாயைப் பின்பற்றும். பிறகு பதிவு செய்தாலும் பிறந்த தேதியில் இருந்த நிலை எளிதில் மாறுவதில்லை. அந்தப் பிள்ளை கிள்ளானில் தமிழ்ப் பள்ளியில் படித்து, எஸ்பிஎம்மில் மலாய் மொழியில் ‘ஏ’ வாங்கினாலும், எஸ்பிஏ படிவத்தின் முதல் கட்டத்திலேயே நின்றுவிடும்.

குடியுரிமைக்கான தனி விண்ணப்பம் தேசியப் பதிவுத் துறை வழியாக உள்துறை அமைச்சுக்குப் போகும். அது வருடக் கணக்கில் இழுக்கும் காரியம். குறிப்பிட்ட வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் அரசியலமைப்பின் 15A விதியின் கீழ் விண்ணப்பிக்கலாம். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், எஸ்பிஎம் முடியட்டும் என்று காத்திருக்காமல், பெற்றோரின் திருமணப் பத்திரம், பிறப்புப் பத்திரம், பள்ளிப் பதிவு ஆகியவற்றோடு இப்போதே பதிவுத் துறைக்குப் போய்விட வேண்டும். பிறப்பைப் பதிய தீபகற்பத்தில் 60 நாள் கெடு. கல்யாணத்தைக் கோயிலிலேயே பதியலாம்; ஆனால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.